இரண்டு குழிகளும் ஒன்றரை ஆண்டுக் காத்திருப்பும்

ஒவ்வொரு மலக்குழி மரணத்துக்குப் பிறகும் ஏதாவதொரு பெரிய எந்திரத்தைப் பற்றிய பேச்சு கிளம்புகிறது. ரோபோ வரும், உறிஞ்சு லாரி வரும், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் கிராமத்து வீடுகளைப் பொறுத்தவரை எந்திரமே தேவைப்படாத ஒரு விடை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த நாட்டில் இருக்கிறது. அதை இந்தச் சமூகம் ஏன் மனதார ஏற்கவில்லை?

காந்தி நூற்றாண்டையொட்டி பீகாரில் அமைக்கப்பட்ட குழுவில் வேலை பார்த்தவர் பிந்தேஷ்வர் பாதக். பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். 1970இல் சுலப் அமைப்பைத் தொடங்கி, இரட்டைக் குழிக் கழிப்பறையைப் பரவலாக்கினார். அவருக்கு முன்பே இத்தகைய குழிகளைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. அன்று வட இந்திய நகரங்களில் எடுப்புக் கக்கூஸ்கள் நிறைந்திருந்தன. அங்கே நம் பெண்கள் கூடையில் மலம் சுமந்தார்கள்.

இரட்டைக் குழியின் வேலை எளிமையானது. சரிவு மிகுந்த பீங்கான், சிறிய நீர் அடைப்பு. ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். வெளியே ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு குழிகள். சுவரில் செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டுவார்கள். அடியில் பூச்சு கிடையாது. தண்ணீரையும் வாயுவையும் மண் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு குழி நிரம்பச் சில ஆண்டுகள் ஆகும். நிரம்பியதும் அதை மூடிவிட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால் கிருமிகளும் புழு முட்டைகளும் செத்து, மலம் நாற்றமில்லாத எருவாகிவிடும். அதை வீட்டுக்காரரே மண்வெட்டியால் அள்ளி வயலில் போடலாம்.

ஆக, தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட வேலையை மண்ணும் காலமும் செய்து முடிக்கின்றன. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்துக்கும் பாறை நிலத்துக்கும் நெருக்கமான நகரத்துக்கும் இது பொருந்தாது. குடிநீர்க் கிணற்றிலிருந்தும் தள்ளித்தான் தோண்ட வேண்டும். ஆனால் பொருந்துகிற இடங்களிலும் மக்கள் இதை விரும்பவில்லை என்பதுதான் கேள்வி.

வட இந்தியக் கிராமங்களில் ஆய்வு செய்த டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் இருவரும் இதற்குப் பதில் தந்தார்கள். சின்னக் குழி என்றால் என்றாவது ஒரு நாள் திறக்க வேண்டும். திறப்பது 'அவர்கள்' வேலை. ஆகவே தன் காலத்தில் நிரம்பாத பெரிய குழி வேண்டும். அதற்குப் பணமில்லை என்றால் வெளியே போவதே மேல். இதுதான் சாதி இந்து மனதின் பொறியியல்! அந்தப் பெரிய குழியும் பெரிய செப்டிக் டேங்க்கும் நிரம்பத்தான் செய்யும். உள்ளே மலம் மட்டுமல்ல, நச்சு வாயுவும் சேர்ந்திருக்கும். அப்போது யாரைத் தேடி வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் ஒன்றிய அரசின் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் இப்படிப்பட்ட குழி ஒன்றில் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். நாடெங்கும் செய்தியானது. நல்ல காரியம்தான். ஆனால் மட்கிய எருவை அள்ள ஓர் அதிகாரி இறங்கினால் செய்தி. மட்காத மலத்துக்குள் நம்மவர் இறங்கினால், செத்தால் மட்டுமே செய்தி.

1993 சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்தது. 2013 சட்டம் பாதுகாப்பின்றிச் செப்டிக் டேங்க்கிலும் சாக்கடையிலும் மனிதரை இறக்குவதையும் தடைசெய்தது. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் ஓர் உயிருக்கு 10 லட்சம் என்றது. 2023இல் அது 30 லட்சம் ஆனது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை.

தொழில்நுட்பம் சாதியை ஒழிக்கும் என்று நான் சொல்லவில்லை. மனிதர் இறங்கத் தேவையில்லாத குழி கையில் இருந்தும், இறங்கியே ஆக வேண்டிய குழியைத் தேர்ந்தெடுத்த சமூகம் இது. எனவே அரசின் வீட்டுத் திட்டமோ தனியார் வீடோ, கழிப்பறை கட்டும்போது ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: நிரம்பிய பிறகு இதை யார் திறப்பது? வீட்டுக்காரர் 'நான்' என்று சொல்ல முடியாத குழிக்கு அனுமதி தரக் கூடாது. மண் இடம் தராத ஊரில், எந்திரம் வந்து சேர வழியில்லாத குழிக்கும் தரக் கூடாது.