செவிலியரின் நோயாளி மதிப்பீடு

நோயாளியிடம் கண்டதையும் கேட்டதையும் தொட்டறிந்ததையும் படித்த பாடத்தோடு பொருத்திப் பார்த்து, அடுத்து என்ன செய்வதென்று செவிலியர் எடுக்கும் முடிவு செவிலியர் மதிப்பீடு எனப்படுகிறது. இன்ன நோய் என்று சொல்வது மருத்துவரின் வேலை. அந்த நோயாளி இந்த ஒரு மணி நேரத்தில் தேறுகிறாரா, மோசமாகிறாரா என்று கண்டுகொள்வது செவிலியரின் வேலை. மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்துபோகும் சில நிமிடங்கள் நீங்கலாக நோயாளி செவிலியரின் பொறுப்பில்தான் இருக்கிறார்.

இதைத் துறையாக்கியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல். 1854 நவம்பரில் 38 பெண்களுடன் துருக்கியில் இருந்த ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். கிரிமியப் போரில் குண்டுக் காயத்தைவிடக் காலராவும் சீதபேதியும் டைஃபஸ் காய்ச்சலும்தான் அதிகம் பேரைக் கொன்றன. கையில் விளக்கோடு நிற்கும் படம் பிரபலமானதில் அவருடைய கூரிய பார்வை பலருக்குத் தெரியாமலே போயிற்று. 1859-ல் வெளிவந்த ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ பயிற்சிப் பள்ளிக்கான பாடநூலன்று. வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் பெண்களுக்காக எழுதியது. நோயாளியை உற்றுக் கவனிப்பதற்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. ‘ராத்திரி நன்றாகத் தூங்கினாரா?’ என்று கேட்பதே தவறு என்கிறார் அதில். பத்து மணி நேரம் விழிக்காமல் தூங்கினால்தான் சிலருக்கு அது தூக்கம். சிலருக்கு இடையிடையே கண்ணயர்ந்தாலே போதும். எத்தனை மணி நேரம், இரவில் எந்தெந்த வேளையில் தூங்கினார் என்று கேட்க வேண்டும். இன்றைய வார்டிலும் பலர் கேட்காத கேள்வி இது.

1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-ல் பயிற்சி ஆரம்பமானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-ல் செவிலியப் பட்டப்படிப்பு வந்தது.

மதிப்பீட்டுக்கு அடிப்படையான செவிலிய அறிவை வகைபிரித்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கரான பார்பரா கார்ப்பர். 1978-ல் அவர் வகுத்தவை நான்கு: அறிவியல், கலை, தன்னறிவு, அறம். 1984-ல் பாட்ரிசியா பென்னர், செவிலியரைப் புதியவர் முதல் வல்லுநர்வரை ஐந்து படிகளில் நிறுத்தினார். விமானிகளையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்த டிரைஃபஸ் சகோதரர்களிடமிருந்து அவர் எடுத்தாண்ட ஏணி இது. புதியவர் விதியைப் பார்த்து நடப்பார். வல்லுநர் ஆளைப் பார்த்ததுமே ‘ஏதோ சரியில்லை’ என்பார். உள்ளுணர்வை எப்படி அளப்பது என்று சிலர் குறை கூறியதுண்டு. பல நூறு நோயாளிகளைப் பார்த்துச் சேர்த்த பட்டறிவே அது என்று அதற்குப் பதில் சொல்லலாம்.

படுக்கைப்புண் நல்ல எடுத்துக்காட்டு. 1987-ல் வெளியான பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறு தலைப்புகளில் 6 முதல் 23 வரை மதிப்பெண் தருகிறது. எண் குறையக் குறைய ஆபத்து கூடும். இடுப்பின் அடியிலோ குதிகாலிலோ சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கையில் வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அங்கே சுற்றுப்புறத்தைவிடச் சூடா, கெட்டியா என்று கைதான் சொல்ல வேண்டும்.

மூச்செண்ணிக்கை இன்னொன்று. எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சே மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவது பழைய கைப்பழக்கம். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த முன்னெச்சரிக்கை அட்டவணையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சுவரை சுழியம். 25-ஐ எட்டினால் 3 புள்ளி. அந்த ஒன்றுக்காகவே மருத்துவரை அவசரமாகக் கூப்பிடலாம். எண்ணாமலே சார்ட்டில் 20 என்று எழுதிவிட்டால் அட்டவணையால் பயனில்லை.

இந்தப் பணியை நெறிப்படுத்தும் சட்டமும் மாறியிருக்கிறது: இந்தியாவில் 1947-ன் செவிலியர் மன்றச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் நிறைவேறியது.