இன்னும் எத்தனை சலாபம்?

விளையாட்டுப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குப் பழக்கமான ஒரு கேள்வி உண்டு. வயதேறிவிட்ட ஆட்டக்காரர் ஒருவர் எதிர்பாராத ஒரு வெற்றியை ஈட்டியதும், 'இவர் இன்னும் எத்தனை வெல்வார்?' என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். கோல்ஃப் ஆட்டத்தில் இக்கேள்விக்கு ஆயுள் அதிகம். ஏனெனில் மற்ற ஆட்டங்களில் ஓய்வு பெறும் வயதில்கூட அங்கே வெல்ல முடிகிறது. சாம் ஸ்னீட் தமது கடைசி வெற்றியை 1965இல் 52 வயதில் பெற்றார். ஜாக் நிக்லஸ் 1986இல் 46 வயதில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது அது அவரது பதினெட்டாவது பெரும்பட்டம். பத்தொன்பதாவது எப்போது என்று கேட்டவர்களுக்கு விடை வரவேயில்லை. டைகர் வுட்ஸ் 2019 அக்டோபரில் ஜப்பானில் வென்று ஸ்னீடின் 82 வெற்றிகளைச் சமன் செய்தார். எண்பத்து மூன்று எப்போது என்ற ஆரூடங்கள் உடனே குவிந்தன. அடுத்து வந்தவை 2021இன் கார் விபத்தும் அறுவைச் சிகிச்சைகளும்.

இலக்கிய வாசகர்களுக்கு கோல்ஃப் எதற்கு என்று கேட்கலாம். இதே கேள்வி நம்முடைய முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்கப்பட்டு வந்தது என்பதுதான் காரணம். அங்கே அது மனிதர் எவரையும் நோக்கிக் கேட்கப்படவில்லை. கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டுகளை நோக்கிக் கேட்கப்பட்டது. கேட்டவர்கள் ரசிகர்களும் அல்லர். அரசாங்கங்கள், வணிகர்கள், இறுதியில் லண்டன் முதலீட்டாளர்கள். தவறான விடைக்கு விலை கொடுத்தவர்களுள் இவர்கள் மட்டுமன்றிக் குளியாட்களும் இருந்தார்கள்.

தூத்துக்குடிக்கு எதிரே, கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஐந்து முதல் பத்து பாக ஆழத்தில் முத்துச்சிப்பி ஒட்டி வளரும் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் உண்டு. தொள்ளாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இலங்கைக்குச் சொந்தமான செவ்வல் பார், பெரிய பார் முதலியன. கொற்கை முத்தின் தொன்மையை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. யவன மாலுமிகளின் கையேடான பெரிப்ளூஸ் முதல் மார்க்கோ போலோ வரை அதைக் குறித்திருக்கிறார்கள். சுறாக்களை மந்திரத்தால் கட்டுபவனுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கும் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் போயிற்று என்று மார்க்கோ போலோ எழுதியிருப்பது நமது பொருளுக்கு முக்கியமானது. பங்கு என்பது கிடைத்ததில் பங்கு. கிடைக்கப் போவதை முன்கூட்டி எண்ணி விற்கும் வழக்கம் பின்னாளில் வந்தது.

ஆங்கில ஆட்சியில் கணிப்பு ஒரு முறையான காரியமாயிற்று. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அமைதியான நாட்களில் பார்களை ஆய்வு செய்யப் படகு போகும். குளியாட்களை இறக்கிச் சிப்பியின் வயதும் அடர்த்தியும் பார்ப்பார்கள். நான்கு வயதை நெருங்கிய சிப்பி இருந்தால் சில ஆயிரங்களை மாதிரியாக எடுத்துவந்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிடுவோரிடம் கொடுப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் முத்து என்று ஓர் எண் வரும். அந்த எண் போதுமானதாக இருந்தால் சலாபம் அறிவிக்கப்படும். அதன்பின் பரதவர்களும் கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் குளியாட்களும் தோணிகளோடு வந்து சேர்வார்கள். வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரம் எழும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. எஞ்சியதை அரசு அன்றன்றே மாலையில் ஆயிரக்கணக்கில் ஏலம் விடும். 1889இல் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடிக்கு வந்து தொள்ளாயிரம் பாரின் சலாபத்தைப் பார்த்து, அடுத்த ஆண்டே விரிவான குறிப்புகளை வெளியிட்டார்.

இந்த மாதிரி முறை நல்ல முறைதான். ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும்: இந்தப் பருவத்தில் குளிக்கலாமா, கூடாதா? சிப்பி ஐந்தாறு ஆண்டுகளே வாழ்வது. விட்டுவைத்தால் அது பெருகுவதில்லை, செத்துப்போகும். எனவே அந்த ஒரு கேள்வி உண்மையான கேள்வி. அதற்கு அப்பால் 'இன்னும் எத்தனை?' என்று கேட்டவர்களுக்குப் பழைய பதிவேட்டைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை.

பதிவேடோ விசித்திரமானது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1822, 1830 என்று சலாபங்கள் நடந்தன; பிறகு முப்பது ஆண்டுகள் வெறுமை. 1860, 1861, 1862 என மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தன. மறுபடியும் நீண்ட இடைவெளி, 1889 வரை. இலங்கைப் பக்கத்திலும் இதே கதை: டச்சுக்காரர் காலத்தில் 1768க்குப் பின் 1796 வரை ஒன்றுமில்லை, 1837க்குப் பின் ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் ஒன்றுமில்லை, 1891க்குப் பின் 1902 வரை ஒன்றுமில்லை. ஒவ்வொரு வெறுமைக்கும் ஒரு காரணம் கற்பிக்கப்பட்டது. பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதால் நீரோட்டம் மாறிவிட்டது என்றார்கள். சங்கு குளிப்பவர்கள் பார்களைக் கலைக்கிறார்கள் என்றார்கள். (கடலில் எது கெட்டாலும் கரையில் ஏழையாக இருப்பவன் மீது பழி விழுவது இன்றைய நேற்றைய வழக்கமல்ல.) ஒவ்வொரு செழிப்புக்கும் இதே போலக் காரணம் கேட்டார்களா என்றால், இல்லை. செழிப்பு இயல்பு, வெறுமை விபத்து என்பதே அதிகாரிகளின் மனப்போக்கு. பதிவேட்டை நேராகப் படித்தால் வெறுமைதான் பெரும்பான்மை.

பதினோராண்டு வெறுமையால் கவலையுற்ற இலங்கை அரசு, லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மனை 1902இல் வரவழைத்தது. உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹோர்னெல். பின்னாளில் சென்னை அரசின் பணிக்கு வந்து தூத்துக்குடியின் முத்து, சங்குத் தொழில்களைப் பார்த்துக்கொண்டவர் இவரே. 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக ராயல் சொசைட்டி வெளியிட்ட அவர்களது அறிக்கை இன்றும் மதிக்கத்தக்கது. அதில் நம்மைப் பிடித்து நிறுத்துவது பெரிய பாரைப் பற்றிய செய்தி. 1880 தொடங்கிச் சுமார் இருபதாண்டுகளில் அந்தப் பாரில் பதினொரு முறை இளஞ்சிப்பிகள் தாமாகவே வந்து அடர்ந்தன. ஒரு முறைகூடச் சலாபம் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவை முதிரும் முன்பே பருவக்காற்றின் மணலோடும் நீரோட்டத்தோடும் மறைந்து போயின. பெயரோ பெரிய பார். ஒவ்வொரு முறையும் குஞ்சுகளைக் கண்டதும் எத்தனை பேர் எத்தனை இலட்சம் எண்ணியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம்.

பிறகு 1903இல் சலாபம் வந்தது. 1904இலும் வந்தது. 1905இல் வந்தது அதற்கு முன் பதிவேடு காணாதது: எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள், அரசுக்கு மட்டும் சுமார் 25 இலட்சம் ரூபாய். மரிச்சுக்கட்டி முகாமில் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்களும் நம் கரையின் குளியாட்களும் பல்லாயிரக்கணக்கில் திரண்டார்கள். இந்த உச்சியின் வெப்பம் தணியும் முன்பே குத்தகை எழுதப்பட்டது. லண்டனில் பதிவான 'சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்' 1906 முதல் இருபது ஆண்டுகளுக்கு இலங்கைப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்.

குத்தகையாளர் கணக்கை நாமும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். இருபது ஆண்டுகளுக்கு மொத்தம் 62 இலட்சம். 1905 போன்ற ஆண்டு ஒன்றுக்கு 25 இலட்சம். ஆகவே இருபதில் இரண்டரை ஆண்டுகள் அப்படி வாய்த்தால் போதும், மீதி பதினேழரை ஆண்டும் இலாபம். காகிதத்தில் இதைவிடப் பத்திரமான பந்தயம் இருக்க முடியாது. போதாக்குறைக்கு அறிவியல் வேறு கையில் இருந்தது: நெரிசலான பாரிலிருந்து இளஞ்சிப்பிகளை நல்ல பாருக்கு மாற்றி நடுவது, ஒட்டிக்கொள்ளக் கல்லும் ஓடும் போட்டுக் கொடுப்பது. 1906இல் சலாபம் நடந்தது. 1907இலும் நடந்தது, ஆனால் மிகவும் மெலிந்து. அத்தோடு சரி. 1912இல் கம்பெனி கலைக்கப்பட்டது. இலங்கைப் பக்கத்தில் அடுத்த சலாபம் 1925இல்தான். கம்பெனி தாக்குப்பிடித்து இருபதாண்டும் குத்தகை கட்டியிருந்தால், அதற்குக் கிடைத்திருக்கக்கூடியவை மூன்றே பருவங்கள். அவற்றில் ஒன்றுகூட 1905 அல்ல.

தவறு எங்கே என்று பின்னோக்கிச் சொல்வது எளிது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கோல்ஃப் ஆட்டக்காரருக்கு ஆரூடம் சொல்பவர் ஓர் உடலைப் பற்றிப் பேசுகிறார். அதன் முதுகு வலியும் கை நடுக்கமும் முந்தைய வெற்றிகளும் ஒரே ஆளுடையவை. ஐம்பதைக் கடந்து அமெரிக்கச் சுற்றில் வென்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் என்ற உண்மை அங்கே ஓர் அளவுகோலாவது ஆகும். 2021இல் ஐம்பது வயதில் பெரும்பட்டம் வென்ற ஃபில் மிக்கல்சன் அதற்கு விலக்கு என்று சொல்லவும் அளவுகோல் வேண்டும். பார் அப்படியல்ல. 1860இன் தொள்ளாயிரம் பாரும் 1889இன் தொள்ளாயிரம் பாரும் பெயரில் மட்டுமே ஒன்று. முன்னதில் இருந்த சிப்பிகள் எல்லாம் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. புதியவை எங்கிருந்தோ நீரோட்டத்தில் மிதந்து வந்த குஞ்சுகள். வென்றவர் வேறு, பெயர் ஒன்று. ஆனால் பெயரை நாம் ஆளாக நினைக்கிறோம். மூன்று முறை தொடர்ந்து கொடுத்தது என்றால் அதற்குக் கொடுக்கும் குணம் இருக்கிறது என்று நம்புகிறோம். அரசாங்கத்தின் கெட்டிக்காரத்தனத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அது நிச்சயமின்மையை உச்ச விலைக்கு இன்னொருவரிடம் விற்றது. தெரிந்து விற்றதா என்று சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஏலச் சந்தையில் நெடுநாள் உட்கார்ந்தவனுக்கு எப்போது விற்பது என்பது கையிலேயே வந்துவிடும்.

குளியாட்களின் கணக்கு இவற்றிலிருந்து வேறுபட்டது. இடுப்புக் கயிறும் கால்கல்லுமாக இறங்கி, ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி மேலே வருபவருக்கு இருபதாண்டுத் திட்டம் எதுவும் இல்லை. சலாபம் அறிவித்தால் போவது, இல்லையேல் சங்கு குளிப்பது, மீன் பிடிப்பது. எடுத்ததில் மூன்றிலொரு பங்கு என்ற ஏற்பாட்டில் அவருக்குக் கடன் சுமை இல்லை என்று கொள்வதற்கில்லை. தோணிக்காரரிடம் முன்பணம் வாங்காமல் வந்தவர் குறைவு. ஆயினும் வரப்போகும் வெற்றியை அடகு வைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்டது அவரல்ல. வெறுமை வந்தபோது அரசு ஒரு வரவினத்தை இழந்தது, முதலீட்டாளர் முதலை இழந்தார். குளியாள் ஒரு கலையை இழக்கத் தொடங்கினார். முப்பது ஆண்டு இடைவெளி என்றால் ஒரு தலைமுறை முத்துக்குக் குளிக்காமலே முதுமை எய்துகிறது. அந்தக் கலை அழியாமல் காத்தது சங்கு. எந்தச் சங்குகுளிப்பைப் பார்களைக் கெடுப்பதாக அதிகாரிகள் குற்றம் சாட்டினார்களோ, அதுவேதான்.

தூத்துக்குடிப் பார்கள் ஹோர்னெலின் பணிக்காலத்துக்குப் பிறகு 1926, 1927, 1928 ஆகிய மூன்று ஆண்டுகள் கொடுத்தன. அப்போது சந்தை மாறத் தொடங்கியிருந்தது. ஜப்பானில் மிக்கிமோட்டோவின் வளர்ப்பு முத்துகள் உலகக் கடைகளுக்கு வந்துவிட்டன. சில ஆண்டுகளில் பாரசீக வளைகுடாவின் முத்துத்துறைகள் அதனாலும் உலகப் பொருளாதார மந்தத்தாலும் சரிந்தன. இனி வெல்வதன் பெறுமதியே குறைந்துவிட்ட நிலையில், இன்னும் எத்தனை வெற்றி என்று கேட்பதன் பொருளும் மாறிவிடுகிறது. (கோல்ஃபில் ஐம்பது கடந்தவர்களுக்கென்று தனிச்சுற்று நடத்துகிறார்கள். கடலில் அப்படியொரு சலுகை இல்லை.)

பிறகு 1955. சென்னை அரசின் மீன்துறை சலாபம் அறிவித்தது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும், 1961 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து. தூத்துக்குடிப் பக்கத்தின் பதிவேட்டில் இதற்கு இணையான தொடர்ச்சி அரிது. 1961இல் கரையேறிய குளியாள் எவருக்கும் அது கடைசி என்று தோன்றியிருக்கக் காரணமில்லை. ஏழு கொடுத்த கடல் எட்டாவது தராதா? 1962இல் சலாபம் இல்லை. அதற்குப் பின்னும் ஆய்வுப் படகுகள் போயின. அறுபதுகளின் பிற்பகுதியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் மூச்சுக் கருவி அணிந்து பார்களில் இறங்கிப் பார்த்தார்கள். கல்லுக்குக் கல் படர்ந்து மூடும் 'சூரன்' என்ற சிறு மட்டி, சிப்பியை உடைத்துத் தின்னும் திருக்கையும் கிளாத்தியும், மேலே வந்து மூடும் மணல் என்று நெடுங்காலமாகக் குளியாட்கள் அறிந்த எதிரிகளையே அறிவியலாளர்களும் எழுதிவைத்தார்கள். ஒரு சலாபத்துக்குப் போதுமான சிப்பி சேர்ந்து முதிரவில்லை.

அதே நிலையத்தைச் சேர்ந்த அழகர்சுவாமி தலைமையிலான குழு, தூத்துக்குடிக்கு வடக்கே வெப்பலோடையில் 1973 ஜூலையில் இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கியது. கருவைத்த சிப்பிகள் பார்களிலிருந்து குளியாட்கள் எடுத்துவந்தவை. சலாபம் அறிவிக்க அங்கே போதிய சிப்பி இல்லை. சோதனைத் தொட்டிக்குப் போதிய அளவு இருந்தது. 1981இல் அதே நிலையத்தார் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். அதன்பின் அந்தச் சிறு தேவைக்கும் பாரை எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை இல்லாமற் போயிற்று.