ஓசைக்குக் கடிவாளம்: பவானிபூர் கேட்ட ஒலி

ஒரு பாட்டின் மிக மெல்லிய இடத்துக்கும் மிக உரத்த இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான் கம்ப்ரெஸரின் வேலை. குறித்த அளவுக்கு மேல் எழும் ஒலியை அது இறக்குகிறது. பிறகு மொத்த ஒலியையும் ஏற்றிவிட்டால், அதுவரை அடியில் கிடந்த மூச்சும் தம்புராவும் மேலே வந்துவிடுகின்றன. இன்று இது கணினியில் ஒரு பிளக்கின், அதாவது துணை மென்பொருள். கொல்கத்தாவிலோ, கருவி வருவதற்கு வெகு முன்பே இந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வரலாற்றின் பல இழைகள் நகரின் தென்பகுதியில் உள்ள பவானிபூர் பேட்டையில் வந்து முடிகின்றன.

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. அகன்ற குழலுக்குள் பாட வேண்டும். குரலின் விசையே ஊசியை அசைத்து மெழுகில் வரி கீறும். மெல்லப் பாடினால் கீறல் விழாது, உச்சத்தில் ஓங்கினால் வரி கெட்டுவிடும். ஆகவே மேல் ஸ்தாயிக்குப் போகும்போது தலையைப் பின்னுக்கு இழுப்பதும், கீழே இறங்கும்போது குழலை ஒட்டி வருவதும் அக்காலப் பாடகர்களின் பழக்கமாயிற்று. அன்றைய கம்ப்ரெஸர் மனிதக் கழுத்துதான். தட்டுகள் முதலில் ஜெர்மனியின் ஹானோவரில் அச்சாகி வந்தன. 1908இல் சியால்தாவில் தொழிற்சாலை அமைந்தது. அந்தக் காலத்துத் தட்டுகளில் எல்லாரும் ஒரே உரத்தில் பாடுவதாகத் தோன்றும். அதை அன்றைய பாணி என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. பாதிப் பழி குழலைச் சேரும்.

1925இல் மேல்நாட்டில் மின் பதிவு தொடங்கி, சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் மைக் வந்தது. தாழ்ந்த குரலுக்கு அப்போதுதான் வாழ்வு கிடைத்தது. பவானிபூர் மித்ரா இன்ஸ்டிட்யூஷனில் படித்த ஹேமந்த முகோபாத்யாய், அங்கே உடன்படித்த கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயின் தூண்டுதலால் வானொலியில் பாடப் போனார். 1937இல் கொலம்பியா முத்திரையில் அவருடைய முதல் தட்டு வெளிவந்தது. நெஞ்சிலிருந்து எழும் அந்தக் குரல் குழலுக்கு எடுபட்டிருக்காது. மைக்குக்கு அருகில் நின்று பேசுவதுபோலப் பாடும் பாணிக்கு மின் பதிவே வழிவிட்டது.

ஆனால் மைக் புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. அரக்குத் தட்டின் இரைச்சல் அடியில் ஒரு எல்லை, வரியின் அகலம் மேலே ஒரு எல்லை. இரண்டுக்கும் நடுவே பாட்டை நிறுத்த, பதிவாளர் குமிழில் கைவைத்தபடி ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கையின் வேலையைத் தானே செய்யும் 110ஏ என்ற கருவியை, அதே 1937இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் வானொலி நிலையங்களுக்காக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், பவானிபூருக்குத் தெற்கே ஈஸ்ட் இந்தியா ஃபிலிம் கம்பெனியின் ஸ்டுடியோவில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘அம்பிகாபதி’ படமானது. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் எட்டும்படி பழகிய கணீர்க் குரலை, ஃபிலிம் ஓரத்து ஒலிக்கோட்டின் குறுகிய இடத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது.

வானொலியில் இந்த அடக்கத்துக்கு எதிரான சோதனை ‘மகிஷாசுரமர்தினி’. 1930களின் தொடக்கத்திலிருந்து மகாளய விடியலில் ஒலிபரப்பாகிவரும் இந்த நிகழ்ச்சியில், பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரல் முணுமுணுப்பில் தொடங்கி, தழுதழுத்து, ஓங்கி எழும். அதன் உயிரே அந்த ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. 1976இல் அதற்குப் பதிலாக ஹேமந்தவின் இசையில், பவானிபூர்வாசியான உத்தம் குமாரின் குரலோடு வேறொரு நிகழ்ச்சியை வைத்துப் பார்த்தார்கள். நகரமே கொதித்தது, பழையதே திரும்பி வந்தது. பேட்டையின் இரு பெரும் புகழும் ஒரு விடியலில் எடுபடாமல் போயின.

கருவிகள் பெருகியது 1950களின் இறுதியிலிருந்து. ஃபேர்சைல்டு 670க்கு 20 வால்வுகள், சுமார் 30 கிலோ எடை. எல்ஏ-2ஏ ஒளிரும் தகட்டையும் ஒளியுணர் செல்லையும் வைத்து மெதுவாக இறங்கி மெதுவாக விடும். 1967இல் வந்த 1176 ஒரு விநாடியின் லட்சத்தில் இரண்டு பங்கு நேரத்துக்குள் பாயக்கூடியது. இன்று இவை மூன்றும் பிளக்கின்களாகக் கிடைக்கின்றன. நகல்கள் குணத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடுகின்றன. திரையில் தெரியும் பழைய குமிழ்களின் படம் கேட்பவரை மயக்குவதுதான் பெரிய தொல்லை.

வங்கப் பாட்டு ஒன்றில் இவற்றின் வேலையைக் கேட்கத் தபலாவைப் பிடித்துக்கொள்வது நல்லது. கம்ப்ரெஸர் ஒலியை இறக்க எடுத்துக்கொள்ளும் அட்டாக் நேரம் மிகக் குறைவாக இருந்தால், வலது தபலாவில் விரல் படும் முதல் கூர்மை மழுங்கி, அடி பின்னால் போய்விடும். நேரத்தைச் சற்றுக் கூட்டினால் கூர்மை தப்பித்து, அதன் பின்வரும் நாதம் மட்டும் அடங்கும். இறக்கிய பிடியை விடும் ரிலீஸ் வேகமாக இருந்தால், அடி ஓய்ந்த நொடியில் தம்புராவும் ஹார்மோனியத்தின் காற்றும் பொங்கி எழும். இடது தபலாவான பாயாவின் தாழ்ந்த அதிர்வு இன்னும் விஷமம் செய்யும்: கம்ப்ரெஸர் அதைக் கேட்டு மொத்தத்தையும் இறக்க, ஒவ்வொரு அடிக்கும் பாடகர் ஒரு அடி பின்வாங்குவதுபோல இருக்கும். கருவி ‘கேட்கும்’ ஒலியிலிருந்து மட்டும் தாழ்ந்த சுருதிகளை வடிகட்டினால் இது தீரும்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒலியளவைச் சமன் செய்யாவிட்டால் இந்தச் சோதனை எதுவும் செல்லாது. ஒரு டெசிபல் உரத்தாலே போதும், காது அதையே நல்லது என்று தேர்ந்துவிடும். பல பிளக்கின்கள் ஒலியைத் தாமாகவே ஏற்றித் தருகின்றன. பாதித் தீர்ப்புகள் அங்கேயே தவறுகின்றன.

1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1, வரப்போகும் உச்சத்தை முன்கூட்டியே பார்த்து மடக்கும் லிமிட்டரைக் கணினிக்குக் கொண்டுவந்தது. சுமார் 96 டெசிபல் இடைவெளியைத் தாங்கும் சிடியில், அதன் பிறகு மேல்தட்டிலேயே பாட்டை அடைத்து வைக்கும் போட்டி மூண்டது. 2003இல் கொல்கத்தாவுக்குத் தனியார் எஃப்எம் வந்தது. ஒலிபரப்புக்கு முன் ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து இறுக்குவது எஃப்எம் நிலையங்களின் பொது வழக்கம். ஸ்டுடியோவில் ஏற்கெனவே இறுக்கிய பாட்டு அங்கே இரண்டாம் முறை இறுகுகிறது. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் பாட்டுகளைச் சராசரி அளவில் சமன்செய்து ஒலிக்கத் தொடங்கியபின், இறுக்கத்தால் அங்கே கிடைத்துவந்த லாபம் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

தெருவில் கதை வேறு. கொல்கத்தாவின் முதல் பொதுத் துர்கா பூஜை 1910இல் பவானிபூரின் பலராம் பாசு காட் சாலையில் நடந்தது என்பார்கள். பிற்காலத்தில் பந்தல்களோடு ஒலிபெருக்கிகளும் பெருகின. 1996இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், பிறர் காதில் திணிப்பது பேச்சுரிமை ஆகாது என்ற கருத்தில் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2000இல் வந்த மத்திய விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45ம் என வரம்பு வைத்தன. மேற்கு வங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திறந்தவெளி ஒலிபெருக்கிகளுக்கு சவுண்ட் லிமிட்டரையே கட்டாயமாக்கியது. ஸ்டுடியோக் கருவியின் ஒன்றுவிட்ட தம்பி இப்படிச் சட்டத்தின் கையாளானான்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. லிமிட்டர் உச்சத்தை மட்டுமே தடுக்கும். இறுக்கிய பாட்டுக்கு உச்சமும் சராசரியும் ஏறக்குறைய ஒன்று. வரம்பின் அடியிலேயே ஓயாமல் நின்று அக்கம்பக்கத்தை அலுக்க வைக்கும். பழைய தட்டிலிருந்து எடுத்த ஹேமந்தவின் பாட்டு அதே வரம்பில் பெரும்பாலும் தாழ்ந்தே ஒலிக்கும். பந்தலில் வைக்கும் பாட்டுகளை அதிகம் இறுக்காத பதிப்பிலிருந்து எடுப்பது, பூஜைக் கமிட்டிகள் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம்.