ஜோப்பில் இருந்த பொருள்கள்: ராமன் ராகவ் வழக்கும் குற்ற இலக்கியமும்

ஒரு பொருளைச் சாட்சியாக வைத்து ஒரு வழக்கையே நடத்திக் காட்டிய நூல் நம்மிடம் உண்டு. அது சிலப்பதிகாரம். கோவலன் கையில் இருந்த சிலம்பைக் காட்டிப் பொற்கொல்லன் அவனைக் கள்வன் என்றான், பாண்டியனும் நம்பினான். கண்ணகி உடைத்த பிறகுதான் உள்ளே இருந்தது முத்தல்ல, மாணிக்கம் என்பது தெரிந்தது. கையில் இருக்கும் பொருளைப் பார்த்து ஆளின் குணத்தை முடிவு செய்யும் இந்த வழக்கம் மதுரையோடு நின்றுவிடவில்லை. நாம் பிழைக்க வந்த இந்த மும்பை மாநகரைப் பற்றிய உண்மைக் குற்ற நூல்களைப் புரட்டுகிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் அதைக் காணலாம்.

மும்பைக் குற்ற வரலாறு என்றாலே நம்மவர் பெயர் இரண்டு வந்து நிற்கும். ஒருவர் ராமநாதபுரம் பனைக்குளத்திலிருந்து வந்த ஹாஜி மஸ்தான். மற்றவர் வி.டி. ஸ்டேஷனில் மூட்டை தூக்கி, பின்னர் தாராவி, ஆண்டாப் ஹில் பகுதிகளில் கள்ளச்சாராயத் தொழிலை ஆண்ட வரதராஜ முதலியார். ஹுசைன் ஜைதியின் ‘டோங்ரி டு துபாய்’ (2012) போன்ற நூல்களில் மஸ்தான் என்றால் வெள்ளை உடுப்பும் மெர்சிடீஸ் காரும். வரதராஜன் என்றால் மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே அவர் போட்ட பிரம்மாண்டமான கணபதி பந்தல். இவையெல்லாம் அவர்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட அடையாளங்கள். ஊர் தம்மை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்களோ அப்படி அமைத்துக்கொண்டார்கள். எழுதியவர்களும் அப்படியே எழுதிவிட்டார்கள். 1987-ல் ‘நாயகன்’ வந்தது. 1988 ஜனவரியில் வரதராஜன் சென்னையில் காலமானார். அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த நம் தலைமுறைக்கு இவர்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அதை நம்மவர்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. ராமன் ராகவ்.

1968-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மும்பையின் புறநகர்களில் குடிசையிலும் நடைபாதையிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இரவோடிரவாகத் தலையில் அடிபட்டுச் செத்தார்கள். 1965, 66-லும் ரயில் பாதையோரக் குடிசைகளில் இதே மாதிரி நடந்திருந்தது. ரமாகாந்த் குல்கர்ணி தலைமையில் போலீஸ் நகரத்தையே சல்லடை போட்டுச் சலித்தது. ஆகஸ்டு 27-ஆம் தேதி அலெக்ஸ் ஃபியாலோ என்ற சப்-இன்ஸ்பெக்டர் ஆளை அடையாளம் கண்டு பிடித்தார். அப்போது அவனிடம் இருந்தவை இவை: ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு சீப்பு, ஒரு கத்தரிக்கோல், ஊதுபத்தி ஸ்டாண்டு, சோப்பு, பூண்டு, டீத்தூள், ஏதோ கணக்கு எழுதிய இரண்டு காகிதம்.

இந்த வழக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலை விடுவதில்லை. கொலைகாரன் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பூண்டு, ஊதுபத்தி என்று அடுக்கினால் படிக்கிறவர் மனசு தானாகவே மந்திரம், தந்திரம் என்று ஓடுகிறது. கணக்குக் காகிதம் பைத்தியத்தின் அடையாளமாகிவிடுகிறது. ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். வீடு வாசல் இல்லாமல் நடைபாதையில் படுக்கிறவன் தன் சொத்து முழுவதையும் உடம்போடுதானே சுமக்க வேண்டும்? சீப்பு, சோப்பு, டீத்தூள் எல்லாம் அந்தக் காலத்தில் ஊரிலிருந்து தனியாக வந்த எந்தத் தொழிலாளியின் தகரப் பெட்டியிலும் இருந்த சாமான்கள்தாம். வழக்குக்கு உதவியவை வேறு: உடுப்பில் இருந்த ரத்தக் கறை, பழைய போலீஸ் பதிவோடு ஒத்துப்போன கைரேகை. பட்டியல் எதையும் நிரூபிக்கவில்லை, கதைக்குத்தான் பயன்பட்டது.

கோழிக்கறிக் கதையும் இப்படித்தான். வாயே திறக்காதவன், கேட்டபடி கோழிக்கறி வாங்கிக் கொடுத்த பிறகே பேசத் தொடங்கினான் என்பார்கள். இதை மிருக குணத்துக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ அதில் பசிதான் தெரிகிறது. இப்படிச் சொல்வது அவன் செய்த கொடுமையைக் குறைத்துச் சொல்வதாகாது.

இதற்கு ஒப்புநோக்கத் தக்க பட்டியல் ஒன்று லண்டனில் உண்டு. 1888 செப்டம்பர் 30 அன்று ‘ஜாக் தி ரிப்பர்’ கையில் இறந்த கேத்தரின் எடோஸ் என்ற ஏழைப் பெண்ணிடம் இருந்தவற்றைப் போலீசார் எழுதி வைத்தார்கள். ஒரு தகர டப்பியில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை, சோப்புத் துண்டுகள், ஒரு சீப்பு, உடைந்த மூக்குக்கண்ணாடியின் ஒரு பாகம், இன்னும் சில. எண்பது ஆண்டு இடைவெளி, இரண்டு கண்டங்கள்; அங்கே கொலையுண்டவள், இங்கே கொன்றவன். சாமான்கள் கிட்டத்தட்ட ஒன்றே! அவற்றில் தெரிவது தெருவில் வாழ்ந்த வாழ்க்கையே அன்றி ஆளின் குணமல்ல. ஹாலி ரூபன்ஹோல்ட் தம் ‘தி ஃபைவ்’ (2019) நூலில் கொலைகாரனை ஓரங்கட்டிவிட்டு, அவன் கொன்றதாகக் கருதப்படும் ஐந்து பெண்களின் வாழ்க்கையைத்தான் எழுதினார்.

நம் சினிமா வேறு வழியில் போயிற்று. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) ராமன் ராகவ் வழக்கின் தூண்டுதலால் பிறந்தது என்பார்கள். அதில் பங்களா, கார், கறுப்புப் பூனை, ரோஜாத் தோட்டம்! டீத்தூளும் பூண்டும் திரைக்கு எடுபடாது போலும்.

அவனுக்கு இருந்த மாற்றுப் பெயர்கள் என்று பதிவானவற்றில் ‘அண்ணா’, ‘தம்பி’ இரண்டும் உண்டு. தமிழ்க் குடியிருப்பில் யாரும் யாரையும் கூப்பிடும் சொற்கள், போலீஸ் காகிதத்தில் குற்றவாளியின் புனைபெயர்களாகிவிட்டன. சிலம்பை மேலோட்டமாகப் பார்த்த பாண்டியனுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

உள்ளே என்ன இருந்தது என்று பார்த்தவர்கள் மருத்துவர்கள். 1969-ல் செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர் கொண்ட குழுவை அமைத்தது. அவர்கள் ஐந்து முறை அவனோடு உட்கார்ந்து பேசினார்கள். தான் ‘நூற்றொரு சதவீத’ ஆண் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தானாம். தீராத மனநோய் என்று முடிவாகி, தண்டனை ஆயுள் சிறையாயிற்று. 1995-ல் புனேயில் சிறுநீரகக் கோளாறால் இறந்தான்.

அந்த இரவுகளில் இறந்தவர்களின் தலைமாட்டில் என்ன இருந்தது என்று நான் படித்த எந்த நூலும் சொல்லவில்லை. 1968-ல் தாராவியிலோ புறநகர்க் குடிசையிலோ கதவில்லாத வாசலில் படுத்து, அந்த மாதங்களில் விடிய விடியக் கண்விழித்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பெட்டியில் அன்று என்ன இருந்தது, எதைத் தலைக்கு வைத்துப் படுத்தீர்கள் என்று கேட்டு எழுதி வைக்க இன்னும் கொஞ்சம் காலம் இருக்கிறது.