கடைசி இடத்தின் இரண்டு வெற்றிகள்

1962 ஜனவரி முதல் மார்ச் வரை ஸ்டாக்ஹோமில் நடந்த இன்டர்ஸோனல் சதுரங்கப் போட்டியில் 23 பேர் ஆடினார்கள். பாபி ஃபிஷர் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் 22க்கு 17½ புள்ளி எடுத்து முதலிடம் பெற்றார். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டரான மானுவல் ஆரோனுக்குக் கிடைத்தது கடைசி இடம். ஆனால் அதே போட்டியில் அவர் ஹங்கேரியின் லாயோஷ் போர்ட்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் ஊல்மனையும் தோற்கடித்தார். இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள், போர்ட்டிஷ் பின்னாளில் உலகப் பட்டத்துக்கான கேண்டிடேட்ஸ் சுற்றை எட்டுத் தடவை எட்டியவர்.

‘குருட்டு அதிர்ஷ்டம்’ என்று இதைத் தள்ளிவிடலாமா? சதுரங்கத்தில் தாயக்கட்டை உருள்வதில்லை. பலசாலி பிழை விட்டாலும் அதைக் கண்டுபிடித்து, கிடைத்த சாதகத்தைக் கடைசிவரை நழுவவிடாமல் வெற்றியாக்குவது எதிரில் இருப்பவரின் வேலை. உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இல் ஏற்ற ஈலோ தரக் கணக்கும் பலவீனரை முற்றாக ஒதுக்குவதில்லை. 400 புள்ளி பின்தங்கியவருக்கும் நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய ஒன்பது புள்ளி கிடைக்கும் என்கிறது அது. அப்படியானால் இரண்டு வெற்றி அந்தக் கணக்குக்குள் அடங்கியதுதானே, அதில் என்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஈலோ இடைவெளியை அளக்குமே தவிர, அது எப்படி வந்தது என்று சொல்லாது.

அதற்கான சான்று சென்னையில் இருக்கிறது. ஆரோன் 1961இல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்றார். இந்தியாவின் அடுத்த இன்டர்நேஷனல் மாஸ்டராக வி. ரவிக்குமார் வந்தது 1978இல். இடையில் 17 வருஷம். உள்ளூரில் தனக்கு ஈடான எதிரியே அரிதாக இருந்தவர், வாரந்தோறும் கிராண்ட்மாஸ்டர்களோடு மோதிப் பழகியவர்களின் எதிரே போய் உட்கார்ந்தார். 1972இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவரும் ஆரோன்தான். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே ஆடிப் பழகி, 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். திறமை இல்லாமல் கழகம் மட்டும் ஆனந்தை உண்டாக்கியிருக்காது, உண்மைதான். ஆனால் திறமை மட்டும் போதுமென்றால் ஆரோன் ஸ்டாக்ஹோமில் கடைசியாக வந்திருக்க மாட்டார். அதேபோல, இலங்கையின் கொத்மலைத் தோட்டத்துப் பிள்ளை கொழும்புப் போட்டியில் தோற்று வந்தால் மூளையைக் குறை சொல்லும் முன், அது இதுவரை எத்தனை பலமான எதிரிகளோடு ஆடியிருக்கிறது என்று கேட்பதே முறை.