அடிப்படை வருமானமும் பொதுவுடைமைச் சிந்தனையும்

அனைவருக்கும் அடிப்படை வருமானம் என்பது ஏழை, பணக்காரர் என்றோ வேலையில் இருப்பவர், இல்லாதவர் என்றோ பாராமல் ஒவ்வொருவருக்கும் அரசு தவறாமல் வழங்கும் பணத்தொகை. பொதுவுடைமையாளர்களில் ஒரு சாரார் இதைத் தம் இலக்குக்கான வழியாகவும், மறுசாரார் முதலாளித்துவத்துக்கு முட்டுக்கொடுக்கும் ஏற்பாடாகவும் கருதுகின்றனர்.

மார்க்சின் நிலை

கார்ல் மார்க்ஸ் 1875இல் எழுதி, 1891இல் வெளியான ‘கோத்தா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனம்’ இவ்விவாதத்தின் அடிப்படை நூல். அதன்படி, பொதுவுடைமையின் முதற்கட்டத்தில் உழைத்த அளவுக்கே பங்கு. உழைப்பைக் குறிக்கும் சான்றுச்சீட்டைக் கொடுத்துப் பொதுக் கையிருப்பிலிருந்து பொருள் பெறலாம். பள்ளி, மருத்துவம், உழைக்க இயலாதோர் பராமரிப்பு ஆகியவற்றுக்கான ஒதுக்கீடு முன்னதாகவே கழிக்கப்படும். தேவைக்கேற்ற பங்கீடு உயர்கட்டத்தில்தான். உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் உள்ளனவோ அதைப் பொறுத்தே பங்கீடும் அமையும் என்பது அவர் வாதம்.

1986 விவாதம்

அறிஞர்களான பிலிப் வான் பரைசும் ராபர்ட் வான் டெர் வீனும் 1986இல் எழுதிய ‘பொதுவுடைமைக்கு ஒரு முதலாளித்துவப் பாதை’ என்ற கட்டுரை, இடையில் சோசலிசக் கட்டம் (மார்க்ஸ் கூறிய முதற்கட்டம்) தேவையில்லை என்றது. வரி வழியே அடிப்படை வருமானத்தைப் படிப்படியாக உயர்த்தினால், பிடிக்காத வேலைக்கு ஆள் கிடைக்காது. அதற்குக் கூலி ஏறும். அல்லது இயந்திரம் வரும். மனத்துக்குப் பிடித்த வேலைக்குக் கூலி குறையும். இப்படியே கூலியின் பங்கு சுருங்கி, தேவைக்கேற்ற பங்கீடு விரியும் என்பது அவர்கள் கணிப்பு.

அமெரிக்கச் சமூகவியலாளர் எரிக் ஓலின் ரைட் அதை மறுத்தார். உடைமை முதலாளிகளிடம் இருக்கும்வரை, வரி கூடினால் அவர்கள் முதலீட்டை நிறுத்துவர் அல்லது வெளியே கொண்டுபோவர். எனவே முதலீட்டின் மீது சமூகக் கட்டுப்பாடு தேவை என்றார்.

ஸ்பீனம்லாந்து

அடிப்படை வருமானத்தால் கூலி குறையும் என்று அஞ்சும் எதிர்ப்பாளர்கள் சுட்டும் பழைய உதாரணம் இங்கிலாந்தின் ஸ்பீனம்லாந்து முறை. 1795இல் பெர்க்ஷயர் நீதிபதிகள், ரொட்டி விலைக்கேற்பக் கூலியின் குறையைத் திருச்சபை வட்ட நிதியிலிருந்து ஈடுசெய்ய முடிவெடுத்தனர். பண்ணையாளர்கள் கூலியைக் குறைத்து மிச்சத்தை இந்நிதியின் தலையில் கட்டியதை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் சாடினார். ஆனால் ஸ்பீனம்லாந்து முறை ஏழைகளுக்கு மட்டுமான உதவி. கூலி ஏறினால் உதவி குறையும். எல்லோருக்கும் ஒரே அளவில் தரும் வருமானத்தில் இந்தக் கழிவு இல்லை என்பது ஆதரவாளர்களின் பதில்.

பிற்காலப் போக்குகள்

மார்க்சியச் சிந்தனையாளர்களான ஹார்ட், நெக்ரி ஆகியோரின் ‘எம்பயர்’ (2000) என்ற நூல் அனைவருக்கும் சமூகக் கூலியாக உறுதியான வருமானம் கோரியது. இன்று மதிப்பை உருவாக்குவது ஆலைக்குள் நடக்கும் உழைப்பு மட்டுமல்ல என்பது அதன் காரணம். சிந்தனையாளர் ஆந்த்ரே கோர்ஸ் முதலில் வருமானத்தை வாழ்நாள் உழைப்புக் கடமையோடு பிணைத்தார். 1997இல் நிபந்தனையற்ற வருமானத்தை ஏற்றார். உற்பத்தியில் அறிவின் பங்கு பெருகிய பிறகு ஒருவர் உழைத்த மணிநேரத்தைத் தனியே அளக்க முடியாது என்று அதற்குக் காரணம் கூறினார்.