தொழிலாளி அல்லாத ஒரு வருஷம்

மெக்கானிக்கல் முடிச்சுட்டு அப்ரண்டிஸா இருந்தவங்க எல்லாரும் ஒருதடவையாவது யோசிச்சிருப்பாங்க: கம்பெனியில நாம யாரு? தொழிலாளியா, ஆபீஸரா, இன்னும் மாணவன்தானா? இதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம், வாங்க மக்களே.

ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது 1856ல். அதே வருஷம் பெரம்பூரில் ரயில்வே பட்டறையும் வந்தாச்சு. ஆனா, இப்போ கிண்டியில இருக்கற பொறியியல் கல்லூரி மெக்கானிக்கல் படிப்பை ஆரம்பிச்சது 1894ல்தான். நடுவுல 38 வருஷம்! ஆக, நம்ம ஊர்ல பட்டறை முதல்ல, பட்டம் அப்புறம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1961ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. டிகிரி, டிப்ளமோ முடிச்சவங்களை அதுல சேர்த்தது 1973ல் வந்த திருத்தம். ஒரு வருஷப் பயிற்சி. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அப்போ மத்திய அரசு கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துடுச்சு. பட்டம் வாங்கினவனை மறுபடி பட்டறைக்கு அனுப்பற ஏற்பாடு, நல்ல யோசனைதான்.

வில்லங்கம் உட்பிரிவுகள்ல இருக்கு. 18ஆம் பிரிவுப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. 22ஆம் பிரிவு, பயிற்சி முடிஞ்சதும் வேலை கொடுத்தே ஆகணும்னு கட்டாயமில்லைன்னு சொன்னது. 16ஆம் பிரிவோ, வேலையில அடிபட்டா தொழிலாளிக்கு உண்டான நஷ்டஈடு உண்டுன்னுது. சம்பள நாள்ல தொழிலாளி இல்ல, விரல் போனா தொழிலாளி!

நான் சேர்ந்தது 1997ல், அம்பத்தூர்ல ஒரு கம்பெனி. முதல் மூணு மாசம் மெஷின் ஷாப். லேத்துல நின்ன டர்னர் அண்ணன் கேட்டார்: "தம்பி, ஒரு தவ் எவ்ளோ?"

"அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குண்ணே. 0.0254 மி.மீ."

"அது புஸ்தகத்துல. உன் கைக்கு எவ்ளோ?"

என் தலையிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கி மைக்ரோமீட்டர்ல வெக்கச் சொன்னார். மூணு தவ். டிராயிங்ல 0.02ன்னு சாதாரணமா போடற டாலரன்ஸ், முடியில மூணுல ஒரு பங்குகூட இல்லைன்னு அப்போதான் உறைச்சுது. நாலு வருஷப் படிப்புல வராத அளவு, அரை நிமிஷத்துல விரலுக்கு வந்துச்சு.

வருஷக் கடைசியில எங்க பன்னெண்டு பேர்ல ரெண்டு பேரை வெச்சுக்கிட்டாங்க. மீதி பத்து பேரும் சர்டிபிகேட்டோட வெளியே. அடுத்த திங்கக்கிழமை புது பேட்ச் உள்ளே. அதே மெஷின், அதே வேலை, புதுப் பசங்க. சட்டப்படி எல்லாமே சரி. 1995லயே உத்தரப்பிரதேச போக்குவரத்துக் கழக வழக்குல, மத்த தகுதிகள் சமமா இருந்தா பயிற்சி முடிச்சவங்களுக்கு முன்னுரிமை தரணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பு எங்க கேட்டுக்குள்ள வந்ததா தெரியல.

யோசிச்சுப் பாருங்க. பயிற்சிங்கற பேர்ல வருஷா வருஷம் உற்பத்தி நடந்தா, அங்க கத்துக்கறவன் யாரு, உழைக்கறவன் யாரு? எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவர் சட்டப்படி வெறும் தொழிலாளி. அவர் பக்கத்துல ஒரு வருஷம் நின்னு கறுத்த கை தொழிலாளி கை இல்லைன்னு சட்டம் சொல்லிக்கட்டும். அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டார்.

உங்க கைக்குத் தவ் காட்டிக்கொடுத்தது யாருங்க?